இரண்டாம் சுற்று சால்வை

கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தவை இரண்டு. பந்தைக் கையால் தொடக் கூடாது. கோல் கீப்பர் மட்டும் தொடலாம். இந்த இரண்டை வைத்துக்கொண்டுதான் எங்கள் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணிக்கு மூன்று வருஷமாக மேலாளராக இருந்தேன். என் பாடம் தமிழ். மாணவிகள் அணி வெளியே போனால் கூடவே ஒரு பெண் ஆசிரியர் போக வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. எங்கள் கல்லூரியில் விளையாட்டைக் கவனிக்கிற பி.டி. சார் ஆண். ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர் "யார் போறீங்க?" என்று கேட்டபோது கணக்கு மேடத்துக்கு மூட்டுவலி வந்தது. இயற்பியல் மேடத்தின் மகளுக்குப் பரீட்சை வந்தது. ஆங்கில மேடம் கைப்பைக்குள் எதையோ தீவிரமாகத் தேடினார். நான் ஜன்னல் வழியே வேப்பமரத்து அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அசந்தவர் தலையில் கட்டுவது எங்கள் கல்லூரியில் பழைய வழக்கம்.

"வேலை ஒண்ணும் கிடையாது மேடம். சும்மா கூடப் போய் உக்காந்துட்டு வந்தாப் போதும்" என்றார் முதல்வர்.

அந்த உட்கார்ந்துவிட்டு வருகிற வேலை என்னவென்று போகப் போகத் தெரிந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தகுதிப் படிவம் மூன்று பிரதி. மூன்றிலும் போட்டோ ஒட்டி, பாதி போட்டோவிலும் பாதி காகிதத்திலும் விழுகிற மாதிரி முதல்வரின் கையெழுத்து வாங்க வேண்டும். பஸ்ஸில் யாருக்கு வாந்தி வரும், யார் வீட்டிலிருந்து ஆறு மணிக்கு மேல் போன் வரும், யார் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்பதெல்லாம் என் பொறுப்பு. ஆட்டத்தைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த மட்டும் பிழைத்தேன்.

நான் சொல்ல வந்தது மூன்றாவது வருஷத்துக் கதை. பல்கலைக்கழகக் கல்லூரிகளை நான்கு மண்டலமாகப் பிரித்து ஆட விட்டு, மண்டலத்துக்கு ஒன்றாக ஜெயித்த நான்கு அணிகளையும் கடைசியில் ஓரிடத்தில் கூட்டுவார்கள். அந்த வருஷம் பாளையங்கோட்டையில் ஒரு பழைய மிஷன் கல்லூரி மைதானம். முதல் நாள் அரையிறுதி, மறுநாள் இறுதி. இறுதியாட்டம் முடிந்த கையோடு பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுத்துப் பட்டியல் வாசிப்பார்கள். கோப்பை கல்லூரி முதல்வரின் அறைக்குப் போய்விடும். பிள்ளைகளுக்குக் கோப்பையைவிட அந்தப் பட்டியல்தான் பெரிது.

எங்கள் கோல் கீப்பர் சீவலப்பேரிப் பிள்ளை, மூன்றாம் வருஷம் பி.காம். வகுப்பில் வருகைப் பதிவுக்குக்கூடச் சத்தமாகப் பதில் சொல்ல மாட்டாள். கோலில் நின்றுகொண்டு முன்னால் நிற்கிறவர்களை அவள் விரட்டுகிற தமிழை நான் எந்த வகுப்பிலும் நடத்த முடியாது. கையுறை ஆண்கள் அணி கழித்துப் போட்டது. பெரிசாக இருந்ததால் மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் சுற்றியிருப்பாள். அப்பா வயல் வேலைக்குப் போகிறவர். அக்காள் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனிக்குப் போகிறாள். விடிகிறதற்கு முன்னே கம்பெனி வேன் ஊருக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். பரீட்சை முடிந்ததும் இளையவளும் அதே வேனில் ஏறிக்கொள்ளட்டும் என்பது வீட்டின் யோசனை. இவளுக்கோ பி.பி.எட். படித்து விளையாட்டு டீச்சர் ஆக வேண்டும். பல்கலைக்கழக அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் அந்தப் படிப்பில் இடம் கிடைப்பது நிச்சயம் என்று பி.டி. சார் சொல்லியிருந்தார். இவள் அப்பாவிடம் மன்றாடி ஒரு வாக்கு வாங்கி வைத்திருந்தாள். பட்டியலில் பெயர் வந்தால் படிப்பு, வராவிட்டால் வேன். மண்டலப் போட்டி முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது இதை என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்கிற மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அரையிறுதியில் எங்களுக்கு வாய்த்தது வள்ளியூர்ப் பக்கத்துக் கல்லூரி. பாவம், அவர்களில் நாலு பேருக்குக் காய்ச்சல். எங்கள் பிள்ளைகள் ஏழு கோல் போட்டார்கள். நான் ஏழு தடவையும் எழுந்து கைதட்டினேன். பிறகுதான் வினை புரிந்தது. ஆட்டம் முழுக்கப் பந்து எங்கள் கோல் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. கீப்பர் ஷூ கயிற்றை அவிழ்த்தாள், கட்டினாள். குறுக்குக் கம்பியில் வந்து உட்கார்ந்த காக்காயை விரட்டினாள். அது மறுபடி வந்தது, மறுபடி விரட்டினாள். அவள் அன்றைக்குத் தடுத்தது அந்தக் காக்காய் ஒன்றைத்தான்.

சாமியானா பந்தலுக்குக் கீழே தேர்வுக் குழு மூன்று பேர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர், வெள்ளை மீசை, நேர்மையான மனிதர் என்று பெயர். நான் மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்ப் பைய ஆரம்பித்தேன்.

"எங்க கீப்பரைப் பாத்தீயளா சார்?"

"பாத்தேன் டீச்சர். நல்லா நிக்கா."

"எப்படி ஆடுதா?"

"பந்து வந்தாத்தான சொல்ல முடியும்? வராத பந்தைப் பிடிச்சான்னு எழுதவா செய்ய? நாளைக்கு ஃபைனல் இருக்குல்லா, அதுல பாப்போம்."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் விளக்கு முன்னால் நின்று, நாளைக்கு எதிரணி நன்றாக ஆட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டிக்கொண்ட மேலாளர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மறுநாள் வியாழக்கிழமை. அழைப்பிதழில் 'சரியாகக் காலை பத்து மணி' என்று அச்சடித்திருந்தது. நம் ஊரில் 'சரியாக' என்ற சொல் போட்டிருந்தால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு அணியும் ஒன்பதே முக்காலுக்கே மைதானத்தின் நடுவில் வரிசையாக நின்றுவிட்டன. சிறப்பு விருந்தினர் வந்தால் கைகுலுக்குவார், அதுவரை கலையக் கூடாது என்று உத்தரவு. சிறப்பு விருந்தினர் ஒரு பிரமுகர். என்ன வகைப் பிரமுகர் என்று கடைசிவரை எனக்கு விளங்கவில்லை. அழைப்பிதழில் அவர் பெயருக்குக் கீழே ஏழு வரி இருந்தது.

மைதானத்தின் மேற்கே மேடை, மேடையில் தேர்வுக் குழுவுக்கும் சேர்த்து ஒன்பது நாற்காலி. நாற்காலிக்கு ஒரு சால்வை என்று ஒன்பது சால்வை, செலோபேன் தாள் சுற்றித் தட்டில் அடுக்கியிருந்தது. பத்தேகாலுக்கு அந்தக் கல்லூரியின் ஒருங்கிணைப்பாளர் என்னிடம் ஓடிவந்தார். இளவயசு, நல்ல பையன், சட்டை முழுக்க வேர்வை.

"மேடம், எங்க தொகுப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கிட்டு. நீங்க தமிழ் டிபார்ட்மெண்ட்னு சொன்னாவ..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் மேடைப் படியில் ஏறிவிட்டேன். மைக் என் பலவீனம். இதை ஒளித்துப் பிரயோஜனம் இல்லை, எங்கள் கல்லூரியில் வாட்ச்மேனுக்கும் தெரியும். மைக் பிடித்தால் எனக்குப் பசிக்காது, தாகம் எடுக்காது, எதிரே இருக்கிறவர்களுக்கு எடுக்கும் என்பதும் தோன்றாது.

பிரமுகர் பதினொன்று பத்துக்கு வந்தார். முதலில் ஜெபம், பிறகு தமிழ்த்தாய் வாழ்த்து, பிறகு மெழுகுவர்த்தியா குத்துவிளக்கா என்று ஒரு சின்னக் குழப்பம். யார் மனமும் நோகாமல் மெழுகுவர்த்தியால் குத்துவிளக்கை ஏற்றினார்கள். காற்றில் இரண்டும் அணைந்தன. அடுத்து என் வரவேற்புரை. தாமிரபரணியைப் பொதிகையிலிருந்து இறக்கி, பாபநாசத்தில் நிறுத்தி, அணை அணையாகக் கைப்பிடித்துக் கூட்டிவந்து, பிரமுகரின் காலடியில் கொண்டு சேர்க்க எனக்கு இருபது நிமிஷம் பிடித்தது. நடுவில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தபோது மைதானத்தில் இரண்டு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மரியாதை தெரியவில்லையே என்று நினைத்தேன். புரட்டாசி வெயில் அவர்கள் தலைக்கு நேரே நின்றது. என் தலைக்கு மேலே பந்தல் இருந்தது.

அதன்பின் சால்வை. ஒவ்வொருவருக்கும் இரண்டு அடைமொழி போட்டு அழைத்தேன். பிரமுகர் பேச எழுந்து, பெண்கள் கபடி ஆட வேண்டியதன் அவசியத்தைப் பதினைந்து நிமிஷம் விளக்கினார். போன வாரத்து விழாவுக்கு எழுதிய தாள் என்று பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னார். யாரும் திருத்தவில்லை, எல்லாரும் கைதட்டினோம். பிறகு கைகுலுக்கல். பிறகு பந்தை உதைத்துத் தொடங்கி வைத்தார். போட்டோ சரியாக விழவில்லை என்று மூன்று முறை தொடங்கி வைத்தார்.

ஆட்டம் உண்மையில் ஆரம்பித்தபோது மணி பன்னிரண்டு இருபது. ஒன்றரைக்கு ராகு காலம். அதற்கு முன் பரிசு கொடுத்துவிட்டுக் கிளம்பியாக வேண்டும் என்று பிரமுகரின் உதவியாளர் சொல்லிவிட்டார். மிஷன் கல்லூரி முதல்வர் "எங்களுக்கு அதெல்லாம் கிடையாது, ஆனா அவருக்கு இருக்கே" என்று பெருமூச்சு விட்டார். நாற்பத்தைந்து நிமிஷப் பாதியைப் பதினைந்தாக வெட்டினார்கள். சமனானால் கூடுதல் நேரம் கிடையாது, நேராகப் பெனால்டி என்று முடிவானது.

இரண்டரை மணி நேரம் வெயிலில் நின்ற பிள்ளைகள் எப்படி ஓடுவார்கள். பந்து நடு மைதானத்திலேயே கிடந்து உருண்டது. இரண்டு பக்கமும் ஒருத்தரும் கோலுக்குக் குறிவைத்து அடிக்கவில்லை. எதிரணி நன்றாக அடிக்க வேண்டும் என்ற என் வேண்டுதல் பலிக்கவில்லை. தேர்வுக் குழுத் தலைவர் நோட்டைத் திறந்து வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு எழுத்தும் விழுந்த மாதிரி தெரியவில்லை.

இடைவேளையில் ஒருங்கிணைப்பாளர் வெளிறிப்போய் வந்தார்.

"மேடம், பெரிய தப்பு நடந்துபோச்சு. ஓட்டல் அண்ணாச்சிக்குச் சால்வை போடல."

ஜங்ஷன் பக்கம் ஓட்டல் வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர் அன்றைக்கு எல்லாருக்கும் மதியச் சாப்பாடு கொடுப்பதாக ஏற்றிருந்தார். மேடையில் அவருக்கு நாற்காலி போடவில்லை, முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். என் தாளிலும் அவர் பெயர் இல்லை. அவர் எழுந்து போய்க் காரில் உட்கார்ந்துவிட்டார். பிரியாணி அண்டாவோடு வந்த வண்டியையும் திருப்பி நிறுத்தச் சொல்லிவிட்டார்.

"இப்பக் கூப்பிட்டுப் போட்டுருவோமா மேடம்?"

"அவரை மட்டும் தனியாக் கூப்பிட்டா மறந்தது ஊருக்கே தெரிஞ்சிரும். அவரு இன்னும் கோவிச்சுக்கிடுவாரு" என்றேன். அந்த நேரத்தில் என் மூளை வேலை செய்த வேகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சலாக வருகிறது. "எல்லாருக்கும் ரெண்டாவது சுத்து ஒண்ணு வைப்போம். 'நன்றிச் சால்வை'ன்னு பேர் வச்சிருவோம். நாலாவதோ அஞ்சாவதோ அவரைச் சேத்துக்கிட்டா ஒருத்தருக்கும் தெரியாது."

"சால்வைக்கு எங்க போக?"

"போட்டதையே மடிச்சு வாங்குங்க."

நாற்காலிக் கைப்பிடிகளில் தொங்கிய ஒன்பது சால்வையையும் மடித்து வாங்கி, கிழியாத செலோபேன் தாளைத் தேடிச் சுற்றினார்கள். பத்தாவதற்கு முதல்வர் அறையில் இருந்த ஒன்று வந்தது. எல்லாரும் என் சாமர்த்தியத்தை மெச்சினார்கள். ஒருங்கிணைப்பாளர் கும்பிடவே செய்தார்.

இரண்டாம் பாதியும் கோல் இல்லாமல் முடிந்தது. மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. இனிப் பெனால்டி இருக்கிறது, சால்வை இருக்கிறது, பரிசு இருக்கிறது, பட்டியல் இருக்கிறது. ஒன்றரைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்காது. "ரெண்டையும் ஒண்ணா நடத்திருவோம். அவங்க அங்கன அடிக்கட்டும், நாம இங்கன போடுவோம்" என்று ஒரு குரல் கேட்டது. அதுவும் என் குரல்தான். கீப்பர் பிள்ளையின் நினைப்பு அப்போது எனக்குத் துளிகூட வரவில்லை. பிரியாணி வண்டி நினைப்பு இருந்தது.

பெனால்டி வடக்குக் கோலில். போட்டோக்காரர், வெயில் முகத்தில் விழ வேண்டும் என்று மேடையில் இருந்தவர்களை எல்லாம் தெற்குப் பார்க்க நிற்க வைத்தார். பிரமுகரை அழைத்தேன். முதல்வரை அழைத்தேன். "கால்பந்துக் கலையின் கண்ணாக விளங்கும் தேர்வுக் குழுவினர்" என்று மூன்று பேரையும் சேர்த்து அழைத்தேன். குழுத் தலைவர் தயங்கினார், ஒரு கையால் மைதானத்தைக் காட்டினார். மைக்கில் பெயர் சொன்ன பிறகு உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லையே. எழுந்து வந்தார். மூன்று பேரும் தெற்கே பார்த்து நின்றார்கள். சால்வை போடுகிறவர்கள், வாங்கிப் பிடிக்கிறவர்கள், செல்போனில் படம் எடுக்கிறவர்கள் என்று சுற்றிலும் பத்துப் பேர். வடக்கிலிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. நான் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், ஓட்டல் அண்ணாச்சிக்காகப் புதிதாக எழுதிச் சேர்த்த நாலு அடைமொழியை வாசித்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி காரிலிருந்து இறங்கி, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வேகமாக வந்தார். இன்னொரு கூச்சல். இன்னும் ஒன்று, அது ரொம்பப் பெரிசு. யாரோ ஒரு துண்டுச் சீட்டை என் கையில் திணித்தார்கள். எங்கள் கல்லூரி மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்துவிட்டது என்று அதில் எழுதியிருந்தது. அதையும் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன்.

பரிசு கொடுத்தார்கள். மணி ஒன்று இருபது. தேர்வுக் குழு மேடை ஓரத்திலேயே நின்றபடி பட்டியலில் கையெழுத்துப் போட்டு என்னிடம் தந்தது. நான்தான் தொகுப்பாளர், நான்தான் வாசிக்க வேண்டும். முதல் வரியே கோல் கீப்பர்கள். இரண்டு பெயர். முதல் நாள் எங்களிடம் ஏழு கோல் வாங்கினாலும் வேறு பதினைந்தைத் தடுத்த வள்ளியூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒன்று, மற்ற அரையிறுதியில் தோற்ற அணியின் பிள்ளை ஒன்று. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அவர்கள் பிடித்ததைக் குழு பார்த்தது. எங்கள் பிள்ளையின் பெயர் இல்லை. குரல் பிசகாமல் கடைசிப் பெயர்வரை வாசித்தேன். பழக்கம் அப்படி.

பிரமுகரின் கார் கிளம்பியதும் குழுத் தலைவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க கீப்பர் பேரு இல்லையே சார். பெனால்டியில மூணு பிடிச்சிருக்கான்னு பிள்ளைகள் சொல்லுதாவ."

"நான் எங்க டீச்சர் பாத்தேன்? நீங்க கூப்பிட்டீங்க, எந்திரிச்சு வந்தேன். திரும்பிப் பாத்தா எல்லாம் முடிஞ்சு போச்சு."

"ஸ்கோர் ஷீட்ல இருக்குமே."

அவர் தாளை எடுத்துக் காட்டினார். எதிரணியின் நாலு அடியில் ஒன்றுக்கு வட்டம், மூன்றுக்குப் பெருக்கல் குறி. "கோல் விழலைன்னு இருக்கு. வெளிய அடிச்சாவளா, இவ பிடிச்சாளான்னு இதுல எப்படித் தெரியும்?"

நான் விடவில்லை. நடுவரைக் கூட்டிவந்தேன். அவர் தண்ணீர் பாட்டிலும் கையுமாக வந்து, "மூணும் பிடிச்சதுதான் சார். ஒண்ணுகூட வெளிய போகல" என்றார். குழுத் தலைவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். அவருக்கும் வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது.

"மைக்குல வாசிச்சாச்சே டீச்சர். வாசிச்ச பொறவு ஒரு பிள்ளை பேரை எடுத்துட்டு இன்னொரு பிள்ளை பேரை எப்படிப் போடுவேன்? அவளும் பிள்ளைதான. ஸ்டாண்ட்-பையில வேணா எழுதிக்கிடுதேன்."

ஸ்டாண்ட்-பை என்றால் யாருக்காவது கால் முறிந்தால் கூப்பிடுவார்கள். சான்றிதழ் கிடையாது. எங்கள் பிள்ளை பத்தடி தள்ளி, கையுறையில் இருந்த ரப்பர் பேண்டைக் கழற்றிக்கொண்டு நின்றாள். எல்லாம் கேட்டிருக்கும். குழுத் தலைவர் அவளிடம் போய், தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து அவளுக்குப் போர்த்தினார். "அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்மா" என்றார். அவள் மூன்றாம் வருஷம் என்பது அவருக்குத் தெரியாது. அவள் "தேங்க்ஸ் சார்" என்றாள். அவர் போனதும் சால்வையை நாலாக மடித்து ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு வந்தாள்.

பிரியாணி நன்றாகத்தான் இருந்திருக்கும். அண்ணாச்சியே சால்வையோடு நின்று பரிமாறினார். என் இலையில் இரண்டு கரண்டி கூடவே விழுந்தது. எனக்கு இறங்கவில்லை.

மற்ற பிள்ளைகளைப் பி.டி. சாரோடு கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, இவளை ஊர் பஸ்ஸில் ஏற்றிவிடுவதற்காகப் பாளையங்கோட்டை பஸ் நிலையம் வரை கூட வந்தேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "ரொம்ப நல்லாப் பிடிச்சம்மா" என்றேன்.

"நீங்க பாத்தீங்களா மிஸ்?"

"பாத்தேன்."

"மூணாவது எந்தப் பக்கம் வந்துச்சு?"

படிக்காமல் வந்த மாணவி, நான் கேள்வி கேட்டதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாளே, அப்படி நின்றேன். "வலது பக்கம்" என்று ஒரு குத்துமதிப்பாகச் சொல்லிவைத்தேன்.

"நேரா வந்துச்சு மிஸ்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நீங்க பேப்பரைத்தான் பாத்துட்டு இருந்தீங்க. கோல்ல நின்னா ஸ்டேஜ் நல்லாத் தெரியும்."

எனக்கு அவமானமாக இருந்தது. இருபது வருஷமாக அடுத்தவர்கள் மேடை மோகத்தைக் கேலி செய்து ஆசிரியர் அறையில் சிரிக்க வைத்தவள் நான். அன்றைக்கு என்மேல் வந்த ஆத்திரம் வேறு யார்மேலும் வந்ததில்லை. "எப்படிப் பிடிச்சேன்னு இப்பக் காட்டு" என்றேன்.

பையைத் தரையில் வைத்தாள். காய்கறிப் பையோடு நின்ற ஒருவர் விலகி இடம் விட்டார். முதல் பந்து வலது பக்கம், தரையோடு தரையாக வந்தது. விரல் நுனி பட்டுக் கம்பத்தில் மோதித் திரும்பியது. பாதி குனிந்து, ஆள் மேல் இடிக்காமல் காட்டினாள். இரண்டாவது இடது பக்கம், தோள் உயரம். முஷ்டியால் குத்தினாளாம், விரல் இன்னும் வீங்கியிருந்தது. மூன்றாவதைக் காட்டும்போது சும்மா நின்றாள்.

"அவ ரெண்டு தடவை என் காலைப் பாத்தா மிஸ். நான் எந்தப் பக்கம் பாய்வேன்னு பாக்கா. அதான் பாயாம நின்னுட்டேன். நேரா என் நெஞ்சுல அடிச்சா."

சொல்லும்போது அவள் முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சீவலப்பேரி பஸ் வந்து நின்றதும் பையை எடுத்துக்கொண்டு, படியில் கால் வைத்தபடி திரும்பினாள்.

"மிஸ், எங்க அப்பாட்ட நீங்க வந்து சொல்லுதீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டாவ."

நானும் ஏறினேன்.

அவள் அப்பா வயலிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஈரக் காலோடு உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மூத்த மகள் கம்பெனியிலிருந்து வந்திருந்தாள், எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். நான் அடைமொழி எதுவும் போடாமல் பேசினேன். முதல் பந்து, இரண்டாவது பந்து, மூன்றாவது பந்து என்று கையை நீட்டி, எழுந்து நின்று, அவள் காட்டியபடியே காட்டினேன். என்னால் முடிந்த அளவுக்குச் சரியாகச் சொன்னேன். அவர் முட்டியில் கை ஊன்றி, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். மூன்றாவதைச் சொன்னபோது மகளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"கப்பு நமக்குத்தானா டீச்சர்?"

"நமக்குத்தான்."

"லிஸ்ட்ல பேரு வந்துருக்குல்லா?"

"இல்ல."

அவருக்குப் புரியவில்லை. "மூணு பந்தையும் பிடிச்சிருக்கா, கப்பும் வாங்கியிருக்கு. பொறவு எதுக்கு எடுக்காம விட்டாவ?"

பிள்ளை கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். அரசியல், சிபாரிசு என்றால் அவர் உடனே நம்பியிருப்பார்.

"அவ பிடிக்கிறப்ப அவிய யாரும் பாக்கல. மேடையில எல்லாருக்கும் சால்வை போட்டுக்கிட்டு இருந்தோம். நான்தான் கூப்பிட்டேன்" என்றேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தலையை ஆட்டினார்.

"வந்த பெரியாளுகளுக்குச் சால்வை போடத்தான செய்யணும்" என்றார். பிறகு மூத்தவளைக் கூப்பிட்டு, வேனில் தங்கச்சிக்கு ஒரு இடத்துக்குச் சொல்லிவைக்கச் சொன்னார்.